ஓராண்டு உயிர், பல நூற்றாண்டு உயிர்

கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விநோதமான பருவம் வந்து போகிறது. குளிர்காலம் முடிந்து வசந்தம் தலைகாட்டும் அந்தச் சில வாரங்களில், பழுப்பு ஆன்டிகைனஸ் என்ற சிறு விலங்கில் ஆண் என்று சொல்ல ஒன்றுகூட அங்கே உயிரோடு இருப்பதில்லை. கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. இரைக்குப் பஞ்சமும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்புவரை மரக்கிளைகளில் தாவித் திரிந்த ஆண்கள் அத்தனையும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செத்து முடிந்திருக்கும். அவற்றின் வயது பதினோரு மாதம், கூடிப்போனால் பதினொன்றரை. மிஞ்சியிருப்பவை சினையுற்ற பெண்கள் மட்டும். அடுத்த ஆண் அந்தக் காட்டில் மூச்சுவிட வேண்டுமானால் அவை ஈனும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பூமியின் மறுகோடியில், கிரீன்லாந்தைச் சுற்றியுள்ள உறைகடலில், வேறொரு கணக்கு நடக்கிறது. 2010-க்கும் 2013-க்கும் இடையில் அங்கே விஞ்ஞானிகள் கையில் கிடைத்த ஒரு பெண் சுறாவின் நீளம் 502 செ.மீ. அதன் வயதை மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் 272 ஆண்டு. அதாவது, 1770-ல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைத் தொட்டபோது அந்தச் சுறா ஏற்கெனவே வடகடலில் நீந்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அது வலையில் விழுந்த நாள்வரை ஆன்டிகைனஸ் ஆண்களில் 240 தலைமுறைகள் பிறந்து, வளர்ந்து, ஒரே ஒரு பருவம் இணைசேர்ந்து, அழிந்துபோயிருக்கின்றன. சுறாவின் இனத்திலோ, இரண்டு தலைமுறை முழுசாகக் கடப்பதற்கே அந்தக் காலம் போதவில்லை.

இரண்டும் முதுகெலும்புள்ள உயிர்கள்தாம். இரண்டுக்கும் இதயமும் ஈரலும் கண்ணும் உண்டு. இரண்டின் செல்களிலும் டி.என்.ஏ. ஒரே நான்கு எழுத்துகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, ஒன்று பிறந்தநாள்கூடக் காணாமல் போவதற்கும், இன்னொன்று மூன்று நூற்றாண்டைத் தாண்டுவதற்கும் என்ன காரணம்? இந்த இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டுமே இயற்கையின் விதிவிலக்குகளாகத் தோன்றும். அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டும் ஒரே விதிக்குக் கீழ்ப்படிந்தவை என்பது புலப்படுகிறது.

முதலில் சிறியதைப் பார்ப்போம். ஆன்டிகைனஸைக் கண்டவர்கள் எலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் எலிக்கும் இதற்கும் உறவு மிகமிகத் தூரம். கங்காருவைப்போல இதுவும் ஒரு பைப்பாலூட்டி. குட்டியை அரைகுறையாக ஈன்று, வயிற்றோடு ஒட்டவைத்து வளர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. டாஸ்மேனியப் பேய் என்ற அந்த முரட்டு விலங்கும் இதே குடும்பம்தான். கூரிய மூக்கு, வரிசையாக ஊசிப்பற்கள். பூச்சியும் சிலந்தியும்தான் உணவு. பெண்ணின் எடை 17 முதல் 36 கிராம். ஆண் சற்றுப் பெரியது, 70 கிராம்வரை போகும். இவ்வளவு சின்ன உடலைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்க, நாள்தோறும் தன் எடையில் பாதிக்கு மேல் இரை தின்றாக வேண்டும். மரப்பொந்துக்குள் பல ஒன்றாக நெருக்கியடித்துப் படுத்துக்கொள்வதும் அந்தச் சூட்டைக் காப்பதற்குத்தான்.

இந்த விலங்கின் ஆண்டு, நாள்காட்டி பார்த்து நடப்பதுபோல நடக்கும். குளிர்காலத்தின் நடுவில் பகல் நீளத் தொடங்குகிறது. அது எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அதன் உடல் உணர்கிறது. நீளும் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் ஓரிடத்துப் பெண்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கருத்தரிக்கத் தயாராகின்றன. ஒரே காட்டில் இரண்டு இன ஆன்டிகைனஸ் வாழ்ந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு பகல்வேகத்துக்குப் பதில் சொல்கிறது. ஒன்றின் பருவம் முடிந்த பிறகு மற்றதன் பருவம் வருகிறது. ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஆண்டு தேதி பெரிதாக மாறுவதே இல்லை.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் குட்டிகளின் பால்குடி மாதங்கள். ஏறத்தாழ நான்கு வாரம் சுமந்து பெண் ஈனும் குட்டி, ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. கண் இல்லை, காது இல்லை. வாயும் முன்னங்கால்களும் மட்டும் உருவான ஓர் உயிர்த்துளி. அது தாயின் முலைக்காம்பைக் கவ்விக்கொள்ளும். காம்புகள் ஆறோ எட்டோ பத்தோ, ஊருக்கு ஊர் வேறுபடும். அந்த எண்ணிக்கைக்கு மேல் பிறந்தவை பிழைப்பதில்லை. பிறகு மூன்று மாதங்களுக்கு மேல் பால்குடி. முடிவில் குட்டிகளின் மொத்த எடை தாயின் எடையையே மிஞ்சிவிடும். அந்தச் சுமையைத் தாங்க அவளுக்கு ஏராளமான பூச்சிகள் வேண்டும். பூச்சிகள் பெருகும் வசந்த, கோடை மாதங்களோடு பால்குடிக் காலம் பொருந்தியே ஆக வேண்டும். இரண்டு வாரம் பிசகினால் குட்டிகள் பசியில் போய்விடும்.

பெண்களின் இந்தக் கட்டாயம்தான் ஆண்களின் விதியை எழுதுகிறது. ஆண்டு முழுவதிலும் இரண்டு மூன்று வாரம்தான்; எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில்; அந்த வாய்ப்பு போனால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் ஓர் ஆண்டு. அதுவரை ஆந்தையிடமும் பூனையிடமும் தப்பி, இன்னொரு குளிர்காலத்தைத் தாண்டி ஓர் ஆண் பிழைத்திருப்பது அபூர்வம்.

ஆகவே ஆணின் உடல் பின்வாங்குவதற்கு வழியே வைக்காமல் களத்தில் இறங்குகிறது. இணைசேரும் பருவம் தொடங்கும் முன்பே விந்தகங்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. ஏற்கெனவே உற்பத்தியாகிச் சேமிப்பில் இருக்கும் விந்தணுக்கள்தான் மொத்தக் கையிருப்பு. அவையும் சிறுநீரோடு நாள்தோறும் கசிந்து வீணாகிக்கொண்டே இருக்கும். ஒரு சேர்க்கை பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். ஆண் ஒரு பெண்ணை விட்டு அடுத்த பெண்ணைத் தேடி ஓடுகிறது. 2024-ல் மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, இந்தப் பருவத்தில் ஆண்கள் நாள்தோறும் சராசரியாக மூன்று மணி நேரத் தூக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இப்படி மூன்று வாரம்.

உடலுக்குள் நடப்பது இன்னும் கடுமையானது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் உச்சத்துக்கு ஏறுகிறது. கூடவே கார்டிசால் என்ற நெருக்கடிச் சுரப்பும் ஏறுகிறது. நமக்கும் கார்டிசால் உண்டு. ஆபத்து நேரத்தில் ஏறும். பிறகு போதும் என்று மூளை கட்டளையிட, இறங்கும். இரத்தத்தில் உள்ள ஒரு புரதம் அதன் பெரும்பகுதியைப் பிடித்துக் கட்டிவைத்திருப்பதால் உடலுக்குத் தீங்கு வராது. ஆன்டிகைனஸ் ஆணில் டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற அந்தப் புரதம் குறைந்துபோகிறது. போதும் என்று சொல்லும் கட்டளையும் தளர்ந்துவிடுகிறது. கட்டவிழ்ந்த கார்டிசால் தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கித் தருகிறது; அதனால்தான் இரை தேட நேரம் செலவிடாமல் ஆணால் ஓடிக்கொண்டே இருக்க முடிகிறது. சொந்தச் சதையைத் தின்றே அது அந்த வாரங்களைக் கடக்கிறது. விலை பின்னால் வருகிறது. இரைப்பையிலும் குடலிலும் புண் விழுந்து இரத்தம் கசிகிறது. நோய் எதிர்ப்பாற்றல் சரிகிறது. அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகள் தலையெடுக்கின்றன. மயிர் கொத்துக்கொத்தாக உதிர்கிறது. அந்த நிலையிலும் சில ஆண்கள் பெண்ணைத் தேடித் தள்ளாடி அலைவதைக் கண்டிருக்கிறார்கள்.

இந்தச் சாவு உடல் தேய்ந்துபோனதால் வந்தது என்று சொல்ல முடியாது. பருவம் தொடங்குமுன் பிடித்துத் தனியே வளர்த்த ஆண்கள் அந்தக் கெடுவைத் தாண்டி வாழ்ந்திருக்கின்றன. காயடிக்கப்பட்டவையும் பிழைத்திருக்கின்றன. அதே உடலமைப்புள்ள பெண்கள் இரண்டாம் ஆண்டும் குட்டி போடுகின்றன, சில மூன்றாம் ஆண்டையும் எட்டுகின்றன. அந்த உடலால் வாழ முடியும். வாழ்வதற்குச் செலவிட வேண்டியதை எல்லாம் அந்த மூன்று வாரத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டதால்தான் வாழவில்லை.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் டயானா ஃபிஷர் இந்தப் புதிரில் பல்லாண்டு உழைத்தவர். 2013-ல் அவரும் சகாக்களும் பூச்சி தின்னும் பைப்பாலூட்டிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூச்சிவரத்து எங்கெல்லாம் ஒரே ஒரு பருவத்தில் குவிகிறதோ, அங்கெல்லாம் பெண்களின் இணைசேரும் காலம் சுருங்கியிருந்தது. அது சுருங்கச் சுருங்க ஆண்களின் விந்தகம் பெருத்திருந்தது. ஆண்கள் முதல் பருவத்தைத் தாண்டிப் பிழைப்பதும் குறைந்திருந்தது. ஆண்கள் இங்கே நேருக்கு நேர் சண்டையிட்டு வெல்வதில்லை. போட்டி நடப்பது பெண்ணின் உடலுக்குள், விந்தணுக்களுக்கிடையே. பெண் பல ஆண்களோடு சேர்கிறது; அவற்றின் விந்தணுக்களை நாள்கணக்கில் உயிரோடு சேமித்து வைக்கிறது; ஒரே பிரசவத்துக் குட்டிகளுக்குப் பல தகப்பன்கள். இதனால் பெண்ணுக்கும் ஆதாயம் உண்டு. ஃபிஷர் குழு முன்னதாகச் செய்த சோதனையில், மூன்று ஆண்களோடு சேர்ந்த பெண்களின் குட்டிகள், ஒரே ஆணோடு சேர்ந்தவற்றின் குட்டிகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகப் பிழைத்தன.

தகப்பன்கள் எவரும் தம் குட்டியின் முகத்தைக் காண்பதில்லை. அவை பிறக்கும்போது இரைக்குப் போட்டியிட வளர்ந்த ஆண் ஒன்றுகூடக் காட்டில் இல்லை. ஆண்கள் இதற்காகவே உயிர்விடுகின்றன என்று ஒரு காலத்தில் சிலர் விளக்கினார்கள். அந்த விளக்கம் கேட்க உருக்கமாக இருக்கும், ஆனால் நிற்காது. குட்டிகளுக்காகத் தியாகம் செய்யும் நூறு ஆண்களுக்கு நடுவே, தியாகம் செய்யாமல் இன்னும் கொஞ்சம் இணைசேரும் ஒரே ஓர் ஆண் இருந்தால் போதும். வருங்காலம் அதன் வாரிசுகளுடையது.

இனி கடலுக்குள் போவோம்.

கிரீன்லாந்துச் சுறாவுக்கு வெள்ளைச் சுறாவின் மிடுக்கோ சுத்தியல்தலைச் சுறாவின் வடிவமோ கிடையாது. உருளைபோன்ற பழுப்புச் சாம்பல் உடல், சிறிய துடுப்புகள், மழுங்கிய மூக்கு. ஐந்து மீட்டருக்கு மேல் வளரும். ஒரு டன்னைத் தாண்டும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய நீரில், சில சமயம் மேலே பனிப்பாளத்தின் அடியில், சில சமயம் இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே இருளில் திரிகிறது. பலவற்றின் கண்ணில் விரல்நீள ஒட்டுண்ணி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணின் மேற்படலத்தைத் துளைத்து நங்கூரமிட்ட இறாலின் தூரத்து உறவான அந்த உயிரோடு அது ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது.

அதன் வாழ்வில் எல்லாமே நிதானம். ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே ஆறு சுறாக்களின்மேல் கருவிகளைப் பொருத்தி அளந்தபோது சராசரி வேகம் வினாடிக்கு 34 செ.மீ. என்று தெரிந்தது, நாம் நடக்கும் வேகத்தில் நாலில் ஒரு பங்கு. இதயம் நிமிடத்துக்கு ஐந்தாறு முறைதான் துடிக்கிறது. சுமார் 224 கிலோ எடையுள்ள ஒரு சுறாவுக்கு நாளொன்றுக்கு 200 கிராமுக்கும் குறைவான இரை போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு கடல்நாயை விழுங்கினால் மாதக்கணக்கில் தாங்கும். இவ்வளவு மெதுவான மீன் கடல்நாயை எப்படிப் பிடிக்கிறது? நீருக்குள் தூங்கும் கடல்நாய்களை நெருங்கிப் பிடிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இதன் வயதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று முதலில் காட்டியவர் டென்மார்க்கின் மீனியலாளர் பவுல் மரீனுஸ் ஹான்சென். 1930-களில் அவர் கிரீன்லாந்துக் கடலில் சுறாக்களைப் பிடித்து, அளந்து, அடையாளச் சீட்டு மாட்டி விட்டார். 1936-ல் 262 செ.மீ. இருந்த ஒன்று பதினாறு ஆண்டு கழித்து 1952-ல் மறுபடி அகப்பட்டது. அப்போது அதன் நீளம் 270 செ.மீ. பதினாறு ஆண்டில் எட்டு சென்டிமீட்டர், அதாவது ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர்! இந்த வேகத்தில் வளர்ந்து ஐந்து மீட்டரை எட்ட எத்தனை காலம் ஆகும் என்று யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் உறுதியான ஆதாரத்துக்கு இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம், இந்தச் சுறாவின் உடலில் வயதைப் பதிந்துவைக்கும் கடினமான உறுப்பு எதுவும் இல்லை. எலும்பு மீன்களின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்தால், மரத்தில் தெரிவதைப்போல ஆண்டு வளையங்கள் தெரியும். சுறாக்களுக்கு அந்தக் கல் இல்லை. பல சுறாக்களின் முதுகெலும்பில் வளையம் விழும். இதன் முதுகெலும்போ அதற்கும் இடம்தராத மென்மை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் யூலியஸ் நீல்சனும் யோன் ஸ்டெஃபென்செனும் அடங்கிய குழு விடையைக் கண்ணில் தேடியது. கண்வில்லையின் நடுக்கரு, குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அங்குள்ள புரதம் பிறகு மாற்றப்படுவதே இல்லை. அந்தக் கருவில் உள்ள கரிமம் எந்தக் காலத்தது என்று அறிந்தால் சுறா பிறந்த காலம் தெரிந்துவிடும்.

அதை அறிய மனிதனே ஒரு முத்திரையைக் கடலில் பதித்துவைத்திருந்தான். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளைச் சோதித்தன. அதனால் காற்றில் கரிமம்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. அது மெல்லக் கடலுக்கும், கடலின் உணவுச்சங்கிலிக்கும் இறங்கியது. அதற்குப் பிறகு பிறந்த எந்த உயிரிலும் அந்த மிகைக் கரிமத்தின் தடம் இருக்கும். 28 பெண் சுறாக்களின் கண்களைச் சோதித்தபோது, மிகச் சிறிய இரண்டில் அந்தத் தடம் தெளிவாக இருந்தது. 220 செ.மீ. நீளமுள்ள மூன்றாவதில் அது தொடங்கும் தறுவாயில் இருந்தது. ஆகவே அது 1960-களின் தொடக்கத்தில் பிறந்தது. மற்ற 25-ம் அணுயுகத்துக்கு முன்னே பிறந்தவை. அந்த மூன்றாவதை ஊன்றுகோலாகக் கொண்டு, நீளத்தையும் கரிம அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மிகப் பெரிய சுறாவுக்குக் கிடைத்த வயது 392. பிழை வரம்பு இருபுறமும் 120 ஆண்டு. 2016 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் இது வெளியானபோது, முதுகெலும்புள்ள உயிர்களில் மிக நீண்ட ஆயுள் என்ற இடம் வில்தலைத் திமிங்கிலத்திடமிருந்து இந்தச் சுறாவுக்கு மாறியது. அந்த ஆய்வில் என்னை ஆயுளைவிட அதிகம் வியக்கவைத்தது இன்னோர் எண். பெண் சுறா நாலு மீட்டர் நீளத்தை எட்டித்தான் பருவமடைகிறது. அப்போது அதன் வயது சுமார் 150.

ஆன்டிகைனஸுக்கும் சுறாவுக்கும் இடையிலான இந்த இடைவெளிக்குச் சட்டென்று தோன்றும் விளக்கங்கள் இரண்டு. சின்ன உடல் வேகமாக எரிந்து முடிகிறது, பெரிய உடல் மெதுவாக எரிகிறது என்பது ஒன்று. குளிர் எல்லாவற்றையும் மந்தமாக்குகிறது, ஆகவே ஆயுள் நீள்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. சைபீரியாவில் அடையாளமிட்டு விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டு கழித்துப் பிடிபட்டது. அதன் எடை ஏழு கிராம்தான், ஆன்டிகைனஸில் பாதிகூடக் கிடையாது. அதைப்போல, கிரீன்லாந்துச் சுறா நீந்தும் அதே உறைநீரில் துருவக் காட் மீன் என்ற சிறுமீன் கோடிக்கணக்கில் வாழ்கிறது. அதன் ஆயுள் ஆறேழு ஆண்டுதான். உடலின் அளவும் நீரின் குளிரும் எல்லையை வகுக்கலாம். அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதை வேறொன்று முடிவுசெய்கிறது.

அது என்ன என்பதை 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் பீட்டர் மெடவார் எடுத்துச் சொன்னார். முதுமையே இல்லாத ஓர் உயிரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் விபத்து வரும், பகை வரும், பசி வரும். அதனால் வயது ஏற ஏற உயிரோடு இருப்பவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். இளமையில் ஒரு குறையை உண்டாக்கும் மரபணு எல்லோரையும் தாக்கும். இயற்கைத்தேர்வு அதை உடனே களைந்துவிடும். பிந்திய வயதில் குறையை உண்டாக்கும் மரபணுவோ, பெரும்பாலோர் செத்துப்போன பிறகுதான் வேலைசெய்யும். அதைக் களைய யாரும் மிச்சமில்லை. அடுத்த மாதம் காலி செய்யப்போகும் வாடகைவீட்டுக்கு எவரும் வெள்ளையடிப்பதில்லை. நாளை உயிரோடிருக்கும் வாய்ப்பு குறைந்த உடலைப் பழுதுபார்க்க இயற்கையும் செலவிடுவதில்லை.

இதைக் களத்தில் சோதித்துப் பார்த்தவரும் ஒரு பைப்பாலூட்டியைத்தான் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால் சபேலோ என்று ஒரு தீவு இருக்கிறது. நாலைந்தாயிரம் ஆண்டுகளாக நிலப்பகுதியிலிருந்து பிரிந்து கிடப்பது. வெர்ஜீனியா ஒப்போசம் அங்கேயும் உண்டு, நிலப்பகுதியிலும் உண்டு. நிலப்பகுதியில் அவற்றில் பாதிக்கு மேல் வேட்டைவிலங்குகளுக்கு இரையாகின்றன. தீவில் அவற்றை வேட்டையாடும் விலங்குகள் கிட்டத்தட்ட இல்லை. உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டட் இரண்டு இடத்துப் பெண்களுக்கும் ரேடியோக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார். 1993-ல் வெளியான முடிவு இது: தீவு ஒப்போசம்கள் கூடுதல் காலம் வாழ்ந்தன, ஒரு பிரசவத்தில் குறைவான குட்டிகளே போட்டன, வாலில் உள்ள நார்ப்புரதம்கூட மெதுவாகத்தான் விறைத்தது. வெறுமனே எதிரி இல்லாததால் வாழ்நாள் கூடியது என்று ஒதுக்கிவிட முடியாது. சில ஆயிரம் ஆண்டு அமைதியில் அவற்றின் முதுமையே தாமதப்பட்டிருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் நம் இரண்டு உயிர்களையும் திரும்பப் பாருங்கள். ஆன்டிகைனஸ் ஆணுக்கு இரண்டாவது வசந்தம் என்பது பெரும்பாலும் கைக்கு எட்டாதது. அதற்காக எதையும் மிச்சம்பிடித்து வைப்பதில் பயனில்லை. சுறாவின் நிலை நேரெதிர். நாலு மீட்டர் நீளமான உடலைத் தாக்கத் துணிபவை அந்தக் கடலில் அரிது. கூடவே இரையும் அரிது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எந்த ஆண்டு நல்ல ஆண்டு என்று தெரியாத இடத்தில், எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் பந்தயம் வைப்பவள் தோற்றுப்போவாள். பல பத்தாண்டுகளுக்குப் பரப்பிவைத்தால் சில பிரசவங்கள் பொய்த்தாலும் சில பலிக்கும். அதற்கு உடல் நீடிக்க வேண்டும்; உடல் நீடிக்கப் பழுதுபார்ப்பு நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பழுதுபார்ப்பின் அடையாளங்கள் இப்போது கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. ஜெர்மனியின் யேனா, போஹும் ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2024-ல் இந்தச் சுறாவின் மரபணுத்தொகுதியை வாசித்து வெளியிட்டது. ஏறத்தாழ 650 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல இரண்டு மடங்கு. அதில் எழுபது சதவீதத்துக்கு மேல், தன்னைத்தானே நகலெடுத்து இடம் மாறும் தாவும் துண்டுகள். பொதுவாக இந்தத் துண்டுகள் மரபணுக்களைக் கெடுக்கும் தொல்லைகள். இங்கே அவற்றின் நகலெடுக்கும் வேகத்தோடு, டி.என்.ஏ.-வைச் செப்பனிடும் மரபணுக்களும் சேர்ந்து பெருகியிருக்கின்றன என்பது அந்தக் குழுவின் வாதம். புற்றுநோயைத் தடுக்கும் காவலரான பி53 என்ற புரதத்திலும் ஒரு மாற்றம் தெரிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் செல்கள் பிரிந்தும் புற்றுக்கு இரையாகாமல் இருப்பதன் இரகசியத்தில் இவை ஒரு பகுதியாக இருக்கலாம்.

மனிதனின் குறுக்கீடு இந்த இரண்டு கணக்குகளையும் வெவ்வேறு விதத்தில் குலைக்கிறது. விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகாகவும் ஈரல் எண்ணெய் வேண்டியிருந்த காலத்தில் நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து மீனவர்கள் இந்தச் சுறாவைப் பெருமளவில் கொன்றார்கள். செயற்கை எண்ணெய் வந்ததும் அந்த வேட்டை ஓய்ந்தது. நமக்கு அது பழைய கதை. சுறாவுக்கு அது நேற்று நடந்தது. அப்போது குட்டியாகத் தப்பியவை இன்னும் பருவமடையவே இல்லை. இன்றும் வேறு மீனுக்கு வீசும் வலையில் இது சிக்கிக்கொண்டிருக்கிறது. 2020-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று வகைப்படுத்தியது. 2022-ல் வடமேற்கு அட்லாண்டிக் மீன்பிடி அமைப்பு, தன் பொறுப்பிலுள்ள பன்னாட்டுக் கடற்பரப்பில் வலையில் சிக்கும் கிரீன்லாந்துச் சுறாவைக் கப்பலில் வைத்துக்கொள்ளத் தடைவிதித்தது.

ஆன்டிகைனஸின் ஆபத்து வேறு. ஆண்டுக்கு ஒரே பருவம், அதன் முடிவில் சினையுற்ற பெண்கள் மட்டும் என்ற ஏற்பாட்டில், ஓர் ஆண்டு தவறினால் ஈடுகட்ட வழியில்லை. அந்த மாதங்களில் ஒரு காட்டுத்தீ வந்தால் அந்தக் காட்டின் இனமே போகலாம். பரவலாக வாழும் பழுப்பு ஆன்டிகைனஸுக்கு இதைத் தாங்கும் பலம் உண்டு. பக்கத்துக் காட்டிலிருந்து வந்து குடியேறும். 2013-ல் அறிவியலுக்கு அறிமுகமான வெள்ளித்தலை ஆன்டிகைனஸுக்கு அந்த வசதி இல்லை. மத்திய குயின்ஸ்லாந்தின் குரூம்பிட் டாப்ஸ் முதலான ஒருசில மலைக்காடுகளே அதன் உலகம். 2018-ல் ஆஸ்திரேலிய அரசு அதை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

அந்த மலைக்காடுகளில் மாட்டையும் காட்டுக்குதிரையையும் காட்டுப்பன்றியையும் விலக்கி, தீயைக் கட்டுக்குள் வைத்தால், பயன் தெரிய அதிக நாள் வேண்டாம். பொறிவைத்து எண்ணும் ஆய்வாளர்களுக்கு அடுத்த இணைசேரும் பருவத்திலேயே பதில் கிடைத்துவிடும். அட்லாண்டிக் கடலில் 2022-ல் போட்ட தடைக்கு அப்படியில்லை. அந்த ஆண்டு பிறந்த பெண் சுறா முதல்முறை ஈனும்போது 2170 தாண்டியிருக்கும். அதுவரை அந்தத் தடையைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டியவர்கள், இன்னும் பிறக்காத ஐந்தாறு தலைமுறை மீனவர்களும் அதிகாரிகளும்.